மருமகள் முகத்துக்கு வந்த கிரீம்

என் மருமகளின் கன்னத்தில் பரு கிளம்பிய பிறகுதான் கொச்சி மட்டாஞ்சேரியில் இத்தனை தோல் டாக்டர்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. தெருவில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். நான் நாலாவது வரைதான் படித்தேன், ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூச்சப்படுவேன்.

அவள் துணிக்கடையில் சேலைக் கவுண்டரில் நின்றவள். முதலாளியின் மனைவி ஒருநாள், "இந்த முகத்தக் கண்டா வர்றவங்க ஓடிடுவாங்க மோளே. நன்னாகட்டும், அதுவரை குடோன்ல நில்லு" என்று உள்ளே அனுப்பிவிட்டாள். சொன்னவளின் பவுடர் தாடையோடு நின்றுவிடும், கழுத்து வேறு நிறம். ஆள் குறைக்கும்போது அந்தக் கடையில் குடோன்காரர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். மருமகள் அழுதாள்.

எதிர்வீட்டுக்காரி கல்ஃபிலிருந்து தம்பி கொண்டுவந்த கிரீம் டப்பா ஒன்றை நீட்டினாள். அதில் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"பேர் எதுக்கு? பூசு, வெளுக்கும்!"

வெளுக்கத்தான் செய்தது. தெருவெல்லாம் தன் கைராசியைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கொஞ்ச நாளில் முகமெல்லாம் சிவந்து சீழ் வைத்ததும், "உன் மருமகளுக்கு ரத்தமே சரியில்ல" என்றாள். நான் மனசுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். பிறகு கேட்டார்: "தலைக்கு எண்ணெய் வெச்சிட்டு, கையில இருக்கற மிச்சத்த என்ன பண்ணுவே?"

"முகத்துலதான் தேய்ப்பேன்" என்றாள் மருமகள். இந்த ஊரில் அதை யார் கழுவுகிறார்கள்? முகத்தில் தேய்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

"அத நிறுத்து. லேசான ஃபேஸ் வாஷ் ரெண்டு வேளை. ராத்திரி இந்த ஜெல் பட்டாணி அளவு போதும். கிள்ளாதே. மாசக்கணக்கா ஆகும், பொறுமையா இரு."

எதிர்வீட்டுக்காரிக்கு ஏமாற்றம். "இதுக்கா ஆஸ்பத்திரி வரைக்கும் போனீங்க?" என்றாள். ஐந்தாறு டப்பா இல்லாவிட்டால் அவளுக்கு அது வைத்தியமே இல்லை.

முகம் மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது, முழுசாக இல்லை. அதற்குள் ஓணக் கூட்டம் வந்துவிட்டது. குடோனிலிருந்து வீடு திரும்பிய மருமகளுக்கு ஒரு ராத்திரி முதலாளியின் மனைவியே போன் செய்தாள்.

"பரு இன்னும் போகல சேச்சி. வர்றவங்க ஓடிட்டா?" என்றாள் மருமகள்.

"அதொண்ணும் சாரமில்ல, பரவாயில்ல மோளே, நீ வேகம் கவுண்டருக்கு வா!"

கூட்டம் வந்தால் பருவும் அழகாகிவிடும் போலிருக்கிறது.

"ஓணம் முடிஞ்சாலும் கவுண்டர்லதான் நிப்பேன். சரின்னா வர்றேன்."

முதலாளியின் மனைவி சரி என்றாள்.

மறுநாள் மருமகள் பவுடர்கூடப் போடாமல் கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்தே, "நெத்தியில ஒண்ணு இருக்கே" என்றாள்.

"இருக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு, என் மருமகள் நிற்காமல் நடந்தாள்.