கடைசி நிறுத்தத்துக் கழிப்பறை

பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுபவரைப் பயணிகள் "பதினேழு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பணிமனையில் பெண் ஓட்டுநர்கள் இரண்டே பேர்; மூத்தவர் இவர். ஒன்பது வருடமாக அதே தடம்.

தொல்லை கடைசி நிறுத்தத்தில்தான். அங்கே நிழலுக்கு ஒரு கொட்டகை உண்டு, கழிப்பறை கிடையாது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அக்கா காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் வீடு திரும்பும்வரை நாக்கை நனைக்க மாட்டார். மூன்றாம் முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தபோது மருத்துவர் கடிந்துகொண்டார். "இப்படியே தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிடும்மா."

அக்கா பணிமனை மேலாளரிடம் கேட்டார். "பாக்கலாம்மா" என்றார் அவர். அந்தப் பாக்கலாமுக்கு ஒன்றரை வயதானபோது, அக்கா நகர மன்றத்துக்கே நேராக ஒரு மனு எழுதிப் போட்டார். அரைப் பக்கம்தான்.

பதில் மேலாளரிடமிருந்து வந்தது. துறையைத் தாண்டி மனுப் போட்டது ஒழுங்கு மீறலாம். ஆறு மாதம் பேருந்தைத் தொடக்கூடாது. பயணிகள் தவறவிட்ட பொருட்களின் அறையில் வேலை. குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்து சீட்டு ஒட்டிய அக்காவுக்கு மூன்றாம் நாளே பொறுக்கவில்லை.

"மனுக் கொடுக்குற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு சட்டத்துல இருக்கே. நான் மட்டும் எல்லாரும் இல்லையா?" என்று கணவரிடம் பொருமினார். வழக்கும் போட்டார்.

நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். ஆனாலும் தீர்ப்பு பாதகமாக வந்தது. மனுக் கொடுக்கும் உரிமை அரசு ஊழியருக்கும் உண்டு. ஆனால் அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில், ஊருக்குப் பொதுவான விஷயத்தை எழுதியிருந்தால்தான் அரசியல் சட்டம் துணைக்கு வரும். சொந்த வசதியைக் கேட்டால் அது ஊழியருக்கும் துறைக்கும் இடையிலான சங்கதி. இந்த மனுவில் "எனக்கு" என்ற சொல் ஏழு இடத்தில் இருக்கிறது, "பயணிகள்" ஓரிடத்திலும் இல்லை என்று நீதிபதி எண்ணியே சொன்னார்.

வெளியே வந்ததும் தையல்காரரான கணவர் மெல்லக் கேட்டார். "பயணிகளுக்கும்னு ஒரு வார்த்தை சேத்திருக்கக் கூடாதா?"

"அடிவயித்தப் பிடிச்சுக்கிட்டு எழுதினேங்க. அப்ப பயணி ஞாபகமா வரும்?"

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகப் பார்த்த அக்காவும் நாலடி நடப்பதற்குள் சிரித்துவிட்டார்.

தண்டனை முடிந்து மறுபடி பதினேழில் ஏறிய முதல் நாள், தனியார் மருத்துவமனைக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி, "எங்கக்கா போனீங்க இத்தன நாளா?" என்றாள். பேருந்து கிளம்ப நேரமிருந்தது. அக்கா நடந்ததைச் சொன்னார்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு சக்கர வியாதிம்மா. தினமும் அந்த ஸ்டாப்புல எறங்கி ஓட்டமா ஓடுறேன். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

நர்ஸ் பையிலிருந்து ஒரு தாளை உருவினாள். "நீங்க கையெழுத்துப் போடாதீங்கக்கா. நாங்க போடுறோம். எங்கள யாரும் குடை ரூமுக்கு மாத்த முடியாதுல்ல?"

அந்தத் தாள் ஒரு வாரம் இருக்கை இருக்கையாகப் பயணம் செய்தது. கண்ணாடியில் பார்த்தும் பாராதது போல அக்கா ஓட்டினார். இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து. அத்தனையும் ஓட்டுப் போடும் கை என்பதால் நகர மன்றம் நான்கே மாதத்தில் கட்டிக் கொடுத்தது: ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று, வெளியே ஒரு குழாய். திறப்பு விழாவில் பயணிகளைப் புகழ்ந்தார்கள். ஓட்டுநர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் பணிமனைப் பலகையில் மேலாளரின் சுற்றறிக்கை: ஊழியர்களும் பயன்படுத்தலாம்.

"மகராசன்" என்றார் அக்கா, உள்ளபடியே மகிழ்ச்சியாக.

அதே வாரம், பணிமனையின் இன்னொரு பெண் ஓட்டுநர் வந்து குழைந்தாள். "அக்கா, தடத்த மாத்திக்கலாமா? நீங்க என் இருபத்திரண்ட எடுத்துக்கங்களேன்."

"ஏன், அங்க கழிப்பறை இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப மனுப் போடு. ஆனா பொட்டியில போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியைக் கிளப்பினார்.