ஓவர்சியர் கட்டில் செய்த விதம்

அறுபதுகளில் கொடைக்கானலில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் இருந்தார். தொப்பி, தோல் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொள்ளாமல் ரம்பத்தைத் தொடமாட்டார். ஒருநாள் கட்டில் செய்ய, ஈரம் காயாத பருத்த யூகலிப்டஸ் கட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். அது உருளாமலிருக்க மனைவியை வெறுங்காலோடு அதன்மேல் உட்கார வைத்திருந்தார்.

“அவங்களுக்கு பூட்ஸ் வேண்டாமாங்க?” என்று கேட்டேன்.

“அவ சும்மாதானே உக்காந்திருக்கா? சோலி பாக்குறது நான்ல!”

சொல்லி முடிப்பதற்குள் ரம்பம் இறுகி, கட்டை புரண்டது. அந்த அம்மாள் குதித்துத் தப்பினார். பிறகு அந்த அம்மாளே கட்டையின் இருபுறமும் கல் முட்டுக் கொடுத்தார்; அறுத்த பிளவில் ஆப்பு செருகினார்; மீதியைத் தானே அறுத்து முடித்தார்.

“பாத்தீங்களா, சூதானமா செஞ்சா ஒருத்தருக்கும் காயம் வராது” என்றார் ஓவர்சியர்.

அதற்குப் பிறகும் அந்த அம்மாள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.