நான் திருத்திய சாட்சி

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, ஆனைக்குட்டம் போகும் சாலையில் இருந்த எங்கள் வீட்டை நானும் மனைவியும் மிஷனெரிப் பயிற்சி வீடாக மாற்றினோம். வடநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிற பிள்ளைகள் எட்டுப் பேர், பத்துப் பேர் ஒரு வருடம் எங்களோடு தங்குவார்கள். அங்கே போய்ச் சோற்றுக்கு ஏங்கக்கூடாது என்று என் மனைவி முதல் மாதமே இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்தியாக்கிவிடுவாள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, மிச்சத்தில் துணியும் அலசிக்கொள்ள வேண்டும். மருமகன் இந்தி சொல்லிக்கொடுத்தார். மகள் நர்ஸ். காயத்துக்குக் கட்டுப் போடவும் ஊசி போடவும் அவள் பழக்கினாள். விடிகாலை ஜெபத்தில் யாராவது தூங்கி விழுந்தால் மனைவி வேண்டுமென்றே உச்ச சுருதியில் பாட்டை எடுப்பாள்.

சனிக்கிழமை என்னுடையது. அன்று சாட்சி வகுப்பு. கூட்டத்தில் எழுந்து தன் சாட்சியைச் சொல்லத் தெரியாதவரை எங்கள் சபைகள் ஊழியத்துக்கு அனுப்புவதில்லை. பழைய வாழ்க்கை, ஆண்டவர் சந்தித்த நாள், அதற்குப் பிறகு வந்த மாற்றம், எல்லாம் ஏழு நிமிடத்துக்குள். பிள்ளைகள் நோட்டில் எழுதித் தருவார்கள். நான் சிவப்பு மையில் திருத்துவேன். அதை மனப்பாடம் செய்து, சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும்.

தாயில்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. அவளும் அவள் அக்காவும் ஒரே பட்டாசு ஆலையில், ஒரே அறையில், குழாய்களில் மருந்து நிரப்பும் வேலை செய்தவர்கள். ஒரு நாள் மதியத்துக்கு முன் அந்த அறை வெடித்தது. அக்கா போய்விட்டாள். இவள் அப்போது வெளியே தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். அதற்குப் பிறகுதான் இவளும் இவள் தாயும் ஜெபக்கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

நோட்டில் அவள் எழுதியிருந்தது இதுதான். அன்று தண்ணீர் எடுக்கப் போவது அக்காவின் முறை. அக்காவுக்குக் காலில் வீக்கம். அதனால் தங்கையைப் போகச் சொன்னாள். என்ன சொல்லி அனுப்பினாள் என்பதையும், அக்கா பேசிய மாதிரியே, ஒரு வரியில் எழுதியிருந்தாள்.

அந்தப் பகுதி முழுவதையும் அடித்தேன். பேச்சுவழக்காக இருந்த அந்த ஒரு வரியை, விடைத்தாள் திருத்திய பழக்கத்தில், எழுத்தே தெரியாமல் அடித்தேன். அதற்கு மேல், 'எழுந்து வெளியே போ என்று என் உள்ளத்தில் ஒரு சத்தம் கேட்டது' என்று எழுதினேன்.

அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கலையே. அக்காதான் போகச் சொன்னா" என்றாள்.

"அக்கா வாய் வழியாப் பேசினது யாரு?" என்றேன். நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "தண்ணி எடுக்கப் போனதுல என்ன குறைச்சலாம்?" என்றாள். சாட்சியில் ஆண்டவர் தெரிய வேண்டும், வீங்கின கால் தெரியக்கூடாது என்று அவளுக்கு விளக்கினேன். "ஆண்டவருக்கே நோட்டுத் திருத்துறீக" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தியைத் திருப்பினாள்.

அந்த வருடம் நாரணாபுரம், விருதுநகர் என்று எத்தனையோ சபைகளில் அவள் அந்தச் சாட்சியைச் சொன்னாள். வெடிச் சத்தம் கேட்டுப் பழகிய ஜனங்கள். அவள் அந்த இடத்துக்கு வரும்போது அழாத பெண்கள் இல்லை. நான் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தேன்.

பயிற்சியின் முடிவில் அனுப்புதல் ஆராதனை. பெற்றவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துப் பீடத்தண்டை கூட்டிவந்து ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். அவளுடைய தாய் வந்திருந்தார். மகளின் சாட்சியை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. மகளை ஒப்புக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பந்தியில் அவர் இலையில் வைத்ததைத் தொடவில்லை. நான் அருகே போய் விசாரித்தேன்.

"ஐயா, நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கேன். பெரியவதான் தன்னைத் தண்ணிக்கு அனுப்புனான்னு இவ எங்கிட்ட சொல்லியிருந்தா. பெரியவ போனாலும் சின்னவளைக் காப்பாத்திட்டுப் போயிருக்கான்னு அதை வச்சுத்தான் நான் சோறு திங்கேன். இப்ப சாமி கூப்பிட்டாருங்கா. அப்ப அது பொய்யா? கூப்பிட்டவரு பெரியவளையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

சாம்பார் வாளியோடு அந்தப் பெண் எதிரே நின்றாள். என்னையே பார்த்தாள். சுற்றிலும் ஆயர்கள், சபையார். நான்தான் மாற்றி எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கர்த்தருடைய சித்தம் நமக்கு விளங்காது என்றேன். தாய் மகளிடம் திரும்பினார். ஒரு வருடம் நான் கீழ்ப்படியப் பழக்கிய பெண். "ஐயா சொல்லுததுதாம்மா" என்றாள். தாய் இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்று மாலையே மகள் ரயில் ஏறினாள்.

பிறகு வந்த கடிதங்களில் மழை, மொழி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பற்றி எழுதினாள். தாயைப் பற்றி ஒரு வரி இராது. தாய் ஜெபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிச் சொல்லியே ஒரு நாள் அவளும் இறந்துபோனாள். பயிற்சி வீட்டை மூடினோம். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்தப் பெண்ணின் சாட்சி நோட்டு கிடைத்தது. எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

தாய் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மாற்றி எழுதினேன், உங்கள் பெரிய மகள் அனுப்பியதுதான் உண்மை என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்தபடி, "என்ன சொல்லி அனுப்புனான்னு அதுல இருக்கா?" என்று கேட்டார்.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பேனா தாளையே கிழித்திருந்தது. நான் படித்த வரிதான். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வடநாட்டில் இருந்த மகளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அக்கா சொன்ன அந்த வரி என்னவென்று கேட்டேன். தாயும் கேட்கட்டும் என்று போனை நடுவில் வைத்தேன்.

 அவள் சொன்னாள்: "ஐயா, அம்புட்டு சபையில சொல்லிட்டேன். இப்பக் கண்ணை மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்கு. எழுந்து வெளியே போன்னு. அக்கா குரலு வர மாட்டேங்கு."

தாய் போனை எடுத்து, சாப்பிட்டியா என்று மட்டும் மகளிடம் கேட்டார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டார். நோட்டை அங்கேயே வைத்துவிட்டு வர நினைத்தேன். "இது எனக்கு எதுக்கு ஐயா, கொண்டு போயிருங்க" என்றார்.