வெற்றிலை வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு

பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவளைத் தெருவில் கண்டால் ஜனங்கள் சிரிப்பதில்லை. அவசரமாக வாயை மூடிக்கொள்கிறார்கள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை வீட்டுக்குள் நடந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், மலாக்காவின் காஜா பெராங்கில் பல் டாக்டர் டானிடம் உதவியாளராக இருந்தேன். கருவிகளைக் கொதிக்க வைப்பது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது, டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலோ மலாயிலோ எடுத்துச் சொல்வது, இவ்வளவுதான் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

கோணிய வாய்

புதிதாக ஒரு மரப்பு ஊசி வந்திருந்தது. பழையதைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும் என்று மருத்துவப் பத்திரிகையில் படித்துவிட்டு டாக்டர் வரவழைத்திருந்தார். முதல் ஆளாக மாட்டிக்கொண்டவர் லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன். கடைவாய்ப் பல் சொத்தை. "போன தடவை ஊசி போட்டும் உயிர் போயிடுச்சு. புதுசை என் மேல சோதிச்சுப் பார்க்காதீங்க" என்று நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வாயைத் திறக்க மறுத்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் குரல் கேட்டது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

டாக்டர் சுவர்க் கண்ணாடி முன் நின்று தன் ஈறிலேயே ஊசியைக் குத்திக்கொண்டார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைப் போய்க் கூப்பிடுவேன்? கொஞ்ச நேரத்தில் அவருடைய கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. எச்சில் வழிய, வலிக்கவே இல்லை என்று அவர் சொல்ல முயன்றது ஒருவருக்கும் விளங்கவில்லை. முனியாண்டி அண்ணன் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, முதல்ல அவருக்குச் சரியாகட்டும். அப்புறம் என் பல்லைப் பார்க்கலாம்."

தேய்த்தும் போகாதது

மீனாச்சி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், ஆனால் தமிழ் வராது, வீட்டுப் பேச்செல்லாம் மலாய்தான்; இங்கே தமிழாக்கித் தருகிறேன். நான் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று அழைப்பேன். ஆடுகிற பல் ஒன்றைப் பிடுங்க வந்திருந்தார். பல் வந்துவிட்டது. வாய்க் கண்ணாடியைக் கன்னத்துப் பக்கம் திருப்பிய டாக்டர் அப்படியே நின்றார். இடது கன்னத்தின் உள்ளே, வழக்கமாக வெற்றிலையை அடக்கிவைக்கும் இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் தேய்த்தார். போகவில்லை. அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை என்றார் மக்சிக்.

"வலிக்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கொஞ்ச காலமாகவே அவர் வெற்றிலை போடுகிறவர்களின் வாயைப் பார்த்து ஒரு நோட்டில் படம் வரைந்து வைப்பார். இந்தத் திட்டிலிருந்து சிறு துண்டு வெட்டி, கோலாலம்பூருக்கு அனுப்பி, நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்ல வேண்டுமாம். புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா ஒரு சோதனை, கொஞ்சம் வெட்டிப் பார்ப்போம் என்று பூசி மெழுகினேன். மக்சிக் சடாரென்று நாற்காலியைவிட்டு இறங்கினார்.

"நான் பல்லைக் குடுக்கத்தானே வந்தேன்? கன்னத்தை எதுக்குக் கேக்கிறீங்க?"

அடுப்படியில்

மூன்று வாரமாகியும் அவர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், டாக்டரிடம் சொல்லாமல், கொதிக்க வைத்த வாய்க் கண்ணாடி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னோருக்குப் படையல் போடச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அவர் கணவர் வாசலிலேயே மறித்தார். "மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. அம்மாக்காரி வாயில தையலோட நின்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க? போயிட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, அன்றைக்குப் பூசி மெழுகிய என்மேல் பாதி. புற்றுநோய் என்ற அந்தச் சொல்லை அங்கேயே சொல்லிவிட்டேன். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கணவர் வெளியே கையைக் காட்டினார். நான் நகரவில்லை. மக்சிக்கே வந்து என்னைச் சன்னல் பக்கம் அழைத்துப் போனார். மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தாள். நான் வாய்க் கண்ணாடியால் கன்னத்தை விலக்கினேன். தன் கன்னத்தின் உட்புறத்தை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். கணவரும் குனிந்து பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மக்சிக் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் எல்லாருக்கும் ருசி பார்த்துப் பரிமாறினேன்?"

கோலாலம்பூர்க் கடிதம்

மறு வாரம் துண்டு எடுத்து, குப்பியில் போட்டு அனுப்பினோம். கடிதம் வருவதற்குள் மெர்டேக்கா நாளுக்காகத் தெருவெல்லாம் கொடி கட்டிவிட்டார்கள். தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் டாக்டர் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவார். வந்த கடிதத்தை ஒரு தடவை படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்தார். புற்றாக மாற ஆரம்பித்திருக்கிறது, ஆழமாக இறங்கவில்லை, தாமதிக்காமல் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மக்சிக்கிடம் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "சரி" என்று சொன்னது கணவர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கன்னம் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது, வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. ஆனாலும் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றார். ஒவ்வொரு தடவை பரிசோதனைக்கு வரும்போதும் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் அவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பார், நான் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு வருடம் ஆகியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. வெற்றிலை இல்லாமல் எப்படி இருக்கிறது என்று ஒரு பரிசோதனையின்போது டாக்டர் கேட்டார்.

"விட்டுட்டேன் டாக்டர். ஆனா வீட்டுக்கு ஆள் வந்தா, சும்மா கிடக்கிற கையை என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே சம்பளம் வாங்கிய அத்தனை வருடத்தில், திறக்க மிகவும் அடம்பிடித்தது என் வாய்தான்.