ஒரு கண்ணி தள்ளி விழுந்த ஸ்வரம்

என்னிடம் உள்ள ஒரு துண்டுச் சீட்டில் ஆண்டு 2603 என்றும் மாதம் ஆறு என்றும் இருக்கிறது. நாள் இருந்த இடத்தில் முத்திரை மை பரவிவிட்டது. ஜப்பானியர் இந்த மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களுடைய ஆண்டுக் கணக்கைத்தான் எழுத வேண்டும். 2603 என்பது 1943. சீட்டில் மலாய் மொழியில் ஒரே வரி: சட்டை ஒன்று, பார்வையிட்டுத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அக்கா அதைக் கடைசிவரை தம் தையல் பெட்டியில் வைத்திருந்தார். உங்களில் பலருக்கு அவர் அம்மா, பெரியம்மா, பாட்டி. எனக்கு அக்கா. அந்த ஒரு வரியின் பின்னால் இருப்பதை அறிந்தவள் இன்று நான் ஒருத்திதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அக்கா 1923-இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். அவருக்கு அடுத்து அண்ணன், கடைசியாக நான். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காலமானார். ரயில்வேயில் எழுத்தராக இருந்த அப்பா, வேலை முடிந்து வந்ததும் ஆர்மோனியத்தை இழுத்து வைத்து எங்கள் மூவருக்கும் பாட்டுச் சொல்லித் தருவார். மோகன ராகத்தில் அவரே அமைத்த ஒரு ஸ்வரப் பயிற்சி உண்டு. அதில் ஓரிடத்தில் ‘ப’ என்ற ஸ்வரத்தில் இரண்டு தட்டு நிற்க வேண்டும். அண்ணனால் நிற்க முடியாது. முதல் தட்டு முடிந்ததுமே ‘த’வுக்குத் தாவிவிடுவார். "ரயிலு நிக்கிற இடத்துல நிக்கணும்டா" என்று அப்பா காலைத் தட்டுவார். அந்த இடம் நெருங்கும்போதே அண்ணனுடைய தலை குனிந்துவிடும். தலை குனிந்தபடியே தாவுவார்.

1941-இல் அப்பாவும் போனார். மறு ஆண்டு ஜப்பானியர் வந்தார்கள். அரிசிக்காக ஆர்மோனியம் போனது. அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. மிஷன் பள்ளியில் கற்ற கம்பளிப் பின்னல் ஒன்றே அவர் கைவசம் இருந்தது. நாட்டை விட்டு ஓடிய வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கார்டிகன் கம்பளிச் சட்டைகளைப் பிரித்து, அந்த நூலில் குழந்தைத் தொப்பியும் காலுறையும் பின்னி மரவள்ளிக்கிழங்குக்கு மாற்றுவார்.

ஒரு நாள் பின்னிக்கொண்டே அப்பாவின் பயிற்சியை முணுமுணுத்தவர், சட்டென்று ஊசியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. ஆறு கண்ணி அகலத்துக்கு ஒரு பட்டை விடறேன். இடது ஓரம் ச. அப்புறம் ரி, க, ப, த, கடைசில மேல் ச. எந்த ஸ்வரமோ அந்தக் கண்ணியில மட்டும் ஒரு மேடு. ஒரு தட்டுக்கு ஒரு மேடு. கீழேயிருந்து மேலே தடவிட்டே போனா பாட்டு வந்துரும்."

"யாருக்குக்கா வேணும் இது?"

"எனக்கு. ஆர்மோனியப் பெட்டியைத்தான் கொடுத்தேன். பாட்டைக் கொடுக்கல."

அதன்பின் அவர் பின்னிய எதிலும் அந்தப் பட்டை இருந்தது. அண்ணனும் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

1943-இல் அண்ணன் கிள்ளானில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சயாமில் ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது அவரையும் பிடித்து, கிள்ளானில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் அடைத்தார்கள். சயாம் காட்டில் ஓயாத மழை, குளிர்காய்ச்சல் என்று சேதி வந்திருந்தது. அக்கா இரவு பகலாக ஒரு கையில்லாத கம்பளிச் சட்டையைப் பின்னி முடித்தார். மார்பின் நடுவில் அந்தப் பட்டை. இருவரும் ரயிலேறிக் கிள்ளான் போனோம்.

வாசலில் நின்ற சிப்பாய் சட்டையை உதறினான். விரலால் பட்டையைத் தடவினான். மறுபடி தடவினான். உள்ளே கொண்டு போனான். சற்று நேரத்தில் எங்களையும் உள்ளே தள்ளினார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர்.

"தங்கச்சி, இது ரகசியக் குறின்னு சொல்றாரு. யாருக்குச் சேதி அனுப்புறேன்னு கேக்குறாரு."

"குறி இல்லண்ணே. பாட்டு."

"கம்பளியில பாட்டா? இதை நான் எப்படிலா அவருகிட்ட சொல்வேன்? எனக்கும் சேர்த்து விழும்."

சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. என்னை வேறோர் அறைக்கு அனுப்பிவிட்டு, அக்காவைச் சட்டையைத் தடவியபடியே பாடச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஸ்வரங்களை எழுதிக்கொண்டார். பிறகு அக்காவை வெளியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டு மூடியிருந்தார்கள். அப்பா சொல்லித் தந்தபடி ஒரு பிசகும் இல்லாமல் பாடினேன். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரி ஓரிடத்தில் பென்சிலால் வட்டமிட்டார். அக்காவை உள்ளே கொண்டுவந்தார்கள்.

"ஓர் எழுத்து மாறுது" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இந்தச் சின்னப் பொண்ணு ‘ப’ங்குது. நீ ‘த’ங்குறே. சட்டையிலயும் ‘த’ன்னுதான் இருக்காம். அந்த ஓர் எழுத்துதான் சேதிங்குறாரு. என்ன தங்கச்சி பண்ணி வச்சிருக்கே?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"என் தம்பி எப்பவும் அந்த இடத்துல தப்பாப் பாடுவான்ணே. அவன் சட்டை. அதனால அவன் தப்பைத்தான் போட்டேன். போட்டுக்கிட்டுத் தடவினா வீட்டு ஞாபகம் வரட்டும்னு."

அதிகாரி அண்ணனை அழைத்து வரச் சொன்னார். அக்காவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். என்னைக் கதவோரம் நிறுத்தி, வாயைத் திறந்தால் சுடுவோம் என்றார்கள். மேசைமேல் சட்டை விரித்துக் கிடந்தது.

அண்ணன் வந்தார். சுவரோரம் நின்ற அக்காவைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, நீ எங்கே இங்க? சாப்பிட்டியா?"

"பேசாதே" என்றார் மொழிபெயர்ப்பாளர். "உங்கப்பா சொல்லிக் கொடுத்த ஸ்வரத்தைப் பாடு. வேற எதுவும் கேக்காதே."

அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு ஆபத்து என்பது மட்டும் தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியாகப் பாட வேண்டும் என்று தோன்றியிருக்காதா? அவர் சரியாகப் பாடிவிட்டால் அக்கா அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வர மாட்டார்.

அண்ணன் பாடத் தொடங்கினார். எப்போதும் ஓடுகிறவர் அன்று மெல்ல, ஒவ்வொரு ஸ்வரமாக வைத்து வைத்துப் பாடினார். அப்படி அவர் பாடி நான் கேட்டதே இல்லை. ச, ரி, க. இன்னும் நிதானமாக, ப. எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகும் பின்தலையும்தான். தலை குனிந்தது. ஒரு மூச்சு விட்டார்.

"த" என்றார்.

சுவரோரம் அக்காவின் தோள் குலுங்கியது. அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். சட்டையைச் சுருட்டி அண்ணன்மேல் எறிந்தார். வாசல் சிப்பாய்க்குக் காட்ட அந்தச் சீட்டை எழுதி அக்காவிடம் கொடுத்தார்.

முற்றத்தில் லோரி நின்றது. அண்ணன் அங்கேயே சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இந்த வெயில்ல ஏன்டா? வேர்த்துக் கொட்டும்லா."

"கழட்டி வச்சா எவனாச்சும் எடுத்துப்பான். நீ போ அக்கா. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ."

லோரி போனது. 1945-இல் போர் முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் அண்ணன் இல்லை. கிடைத்த பெயர்ப் பட்டியல்களில் நான் தேடினேன்; எதிலும் அவர் பெயர் இல்லை.

அக்கா பிறகு தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றார். திருமணமாகி மூன்று பிள்ளைகளை வளர்த்தார். என்னைப் படிக்க வைத்தார். வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் ஒரு கம்பளிச் சட்டை பின்னினார். இந்த ஊர் வெயிலில் எதற்கு என்று நீங்கள் கேலி செய்தீர்கள். சுபாங் ஜெயாவிலும் பூச்சோங்கிலும் உங்கள் அலமாரிகளில் அவை இருக்கும். எடுத்துக் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் பயிற்சி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த ஸ்வரம் ஒரு கண்ணி தள்ளியே விழுந்திருக்கிறது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் அதை அப்படியேதான் பாடுகிறார்கள். நான் திருத்தப் போனபோதெல்லாம் அக்கா தடுத்துவிட்டார்: "நீ சரியாப் பாடி ஒரு தடவை பட்டது போதும்."

அக்காவின் இறுதி மாதங்களில் பூச்சோங் வீட்டில் உடனிருந்து கவனித்த மருமகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் காரோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஈமக் காரியங்களுக்குத் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அண்ணன் மேசைமேல் கிடந்த சட்டையைப் படித்துவிட்டார், அக்காவுக்காகத் தெரிந்தே தவறினார் என்பது அக்காவின் நம்பிக்கை. பழக்கத்தில் தவறியிருப்பார் என்று நான் சொல்லி வந்தேன். பட்டை அவர் நின்ற பக்கம் இருந்ததா என்பதைச் சுவரைப் பார்த்து நின்ற அக்கா காணவில்லை. கதவோரம் நின்ற எனக்கு அண்ணனின் முதுகு மறைத்தது. தலை குனிந்தது உண்மை. எதைப் பார்த்துக் குனிந்தது என்பது இதுவரை உறுதிப்படவில்லை.