கேட்டுவிட வேண்டிய கேள்வி

இங்கிலாந்தில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று யாரைக் கேட்டாலும் "நாட் டூ பேட்" என்பார்கள். மோசமில்லை என்றுதான் நானும் எழுதிக்கொண்டேன். திண்டுக்கல்லில் நர்சிங் படித்துவிட்டு வந்து, மனநலச் செவிலியாக வீடு வீடாகப் போகத் தொடங்கிய முதல் குளிர்காலம் அது. மனைவியை இழந்த வால்டர் என்ற முதியவர் வாராவாரம் அதையே சொன்னார். நானும் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். என் குறிப்புகளைப் படித்த மேற்பார்வையாளர் லிண்டா, "அவர் சொன்னதை எழுதியிருக்கிறாய். நீ கேட்க வேண்டியதைக் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. நோயாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலில் கடைசியாக இருந்த, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்ற கேள்வியைக் கூச்சத்தில் தாண்டியிருந்தேன். அன்றே திரும்பிப் போய்க் கேட்டேன். வால்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமாம்," என்றார். "இதுவரை யாரும் கேட்கவில்லை." சாயங்காலத்துக்குள் டாக்டர் வந்து பார்த்தார். வால்டர் பிழைத்துக்கொண்டார்.

போன வருஷம் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, நத்தம் பக்கத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆறு பேருக்கு இந்த வேலையை நாலு வாரத்தில் சொல்லித்தரும்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு உள்ளூர எரிச்சல். நாலு வருஷம் படித்ததை நாலு வாரத்தில் எப்படிக் கொடுப்பது? ஆனால் முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தால் இவர்களாலும் முடியும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தவிர, ஊரில் ஆள் போதாததற்கு நானும் ஒரு காரணம். படித்துவிட்டுக் கிளம்பிப் போனவள்தானே!

அவர்களில் பாத்திமா துடியானவள். கடைசிக் கேள்வியில் மட்டும் அவளும் நின்றுவிட்டாள்.

"அக்கா, அதப் போயிக் கேட்டா, நாமளே நெனப்பக் கெளப்பிவிட்ட மாதிரி ஆயிராதா?"

"ஆகாது. கேக்குறதால அந்த நெனப்பு வராதுன்னு ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க. கேக்காம நானே ஒருத்தரச் சாக விட்டுருப்பேன்," என்று வால்டர் கதையைச் சொன்னேன்.

மறுவாரம், கணவனைப் பறிகொடுத்து ஐந்து மாதமாகத் தன் மாந்தோப்புப் பக்கமே போகாத பேச்சியம்மாளிடம் பாத்திமா கேட்டாள். அந்த அம்மா எழுந்துபோய், ஒளித்து வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாவை எடுத்துவந்து நீட்டினாளாம்: "இத நீயே கொண்டுபோயிரு தாயி. எங்கிட்ட இருக்க வேணாம்."

பாத்திமா உடனே எனக்குப் போன் செய்தாள். கற்ற எதையும் அவள் மறக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவைத் தனியே விடாமல் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு வாரம் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனாள். முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, கடைசியில் மாந்தோப்பு வரை இருவரும் நடந்தார்கள். இந்தச் சீசனில் பேச்சியம்மாள் தானே நின்று காய் பறித்தாள்.

நான் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மேற்பார்வையை விடவில்லை, விடப்போவதும் இல்லை. சனிக்கிழமைதோறும் எனக்குக் காலை, அவர்களுக்குப் பிற்பகல். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் என் முகம் தெரிகிற செல்போனைச் சாய்த்து வைப்பார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தாமதமாக வந்து, போனை நகர்த்திவிட்டு உட்காரப் போனாள்.

"அதுல அக்கா இருக்காக," என்றாள் பாத்திமா. "நீ வேற சேர் எடுத்துப் போட்டுக்க."

இங்கே என் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நான் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.