பெருமாள் விழாத படம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமாவுக்குக் கேமராப் பைத்தியம் பிடித்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்து அப்பாவோடு பட்டுத்தறி நெய்துகொண்டிருந்தார். பைத்தியத்துக்குக் காரணம் தெருமுனை ஸ்டூடியோக்காரர். வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாமா போய் நின்றபோது, வெயிலில் எவன் வேண்டுமானாலும் படம் எடுப்பான், ராத்திரியில் ஃபிளாஷ் இல்லாமல் பெருமாள் புறப்பாட்டை எடுத்துக் காட்டு, சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தன் பழைய மடக்கு கேமராவையும் இரண்டு ஃபிலிம் சுருளையும் கொடுத்துவிட்டார். படம் விழுந்தால் ஸ்டூடியோ. விழாவிட்டால் ஆயுசுக்கும் தறிக்குழி. குழியில் இறங்கினால் மாமாவுக்கு ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும்.

முதல் சுருளில் எட்டுப் படம், எட்டும் பாழ். ஒன்றில் மூடியைக் கழற்றவே இல்லை. ஒன்றில் கை நடுங்கிக் கோபுரம் இரண்டாகிவிட்டது. மற்றதெல்லாம் ஒரே கரி. கேமரா வளையத்தில் எண் ஏற ஏற வெளிச்சம் நுழையும் ஓட்டை சிறுத்துப்போகும் என்பதை மாமாவின் மனசு கடைசிவரை ஒப்பவில்லை. "பெரிய நம்பர்னா பெரிய ஓட்டையாத்தானேமா இருக்கணும்?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். நானும் ஆமாம் என்பேன். தப்பு கேமராவின் பேரில்தான் என்று இருவரும் முடிவு செய்துகொள்வோம்.

இரண்டாவது சுருளில் ஏழு படத்தைத் தெருவிளக்கிலேயே பழகித் தீர்த்தார். மிச்சம் ஒன்று. வளையத்தை எட்டில் வை, பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி எண்ணு, விட்டுவிடு என்பது ஸ்டூடியோக்காரரின் கடைசி உபதேசம். எங்கள் வீட்டில் விநாடி முள் வைத்த கடிகாரம் கிடையாது. எண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்தான் தினமும் அப்பாவின் தறியில் கரையை உடலோடு கோக்கும் கோர்வைக்கு உட்கார்ந்து, அவர் புடவையின் உடலுக்கு நாடா விடும்போது மறுபக்கம் கரைக்கு நாடா விடுகிறவள். என் கணக்குத் தப்பவே தப்பாது என்று அப்பாவே சொல்லுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையை எதிர்வீட்டு அக்காவிடம் போய் அளந்துவிட்டு வந்தேன். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம் அவர்களுடையது. அக்காவுக்குத் தர்மாவரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. நான் எண்ணி முடிக்கும்வரை அசையாமல் நிற்கிறவர்கள்தான் படத்தில் விழுவார்கள், நடக்கிறவர்கள் காணாமல் போவார்கள் என்று சொன்னேன். "கண்ணு சிமிட்டினா?" என்று கேட்டாள். சிமிட்டலாம், நகரக்கூடாது என்று தாராளமாக அனுமதி கொடுத்தேன்.

அன்று ராத்திரி பெருமாள் எங்கள் தெருவுக்குள் திரும்பினார். ஜன்னல் கட்டையில் பழைய புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் கேமராவை வைத்திருந்தோம். மாமா பித்தானை அழுத்தினார். நான் எண்ணினேன். என் பழக்கப்படி எண்ணினேன் என்பதுதான் விஷயம். தறியில் மூன்று நாடா ஓடி முடிந்தால்தான் எங்களுக்கு ஒன்று என்று கணக்கு. நான் பத்து சொல்வதற்குள் காஸ் விளக்குகள் எல்லாம் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டன. மாமா "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கழுவிப் பார்த்தால் பெருமாள் இல்லை. இருந்த இடத்தில் ஒரு வெளிச்சக் கோடு. கூட்டம் முழுக்கப் புகை. அந்தப் புகைக்குப் பின்னால் எதிர்வீட்டுப் படிமேல், தெருவிளக்கின் கீழே, அக்கா மட்டும் துல்லியமாக நின்றாள். ஸ்டூடியோக்காரர் குதிக்காத குறை. நான் சொன்ன பத்து விநாடி போதாதுதான், தெரிந்தோ தெரியாமலோ சரியாக எண்ணிவிட்டாய் என்று என் கன்னத்தைக் கிள்ளினார். படத்தைப் பெரிதாக்கித் தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். திங்கட்கிழமை வேலைக்கு வா என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். வீட்டில் அன்று பாயசம்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கப் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"சாமி வரும்போது தெருவே கையெடுத்துக் கும்பிடும்பா. இந்தப் பொண்ணு கைய தொங்கப் போட்டுக்கினு நம்ம ஜன்னலயே பாத்துக்கினு நிக்குது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. பாக்கறவங்களுக்குக் கண்ணு இல்லயா?"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். படத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். என் கடையிலேயே இதுதான் நல்ல படம், எடுத்தால் உனக்கு வேலை இல்லை என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்கிறார். மாமா படத்தையும் நெகடிவையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, வெந்நீர் அடுப்பில் போட்டார். மறுநாள் காலை தறிக்குழியில் இறங்கினார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எண்ணியது நான், கிள்ளு வாங்கியது நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவோடு பேச்சை நிறுத்தினேன். அதுவும் போதாமல் எதிர்வீட்டுக்குப் போய், உன் படத்தை எங்கள் மாமா எரித்துவிட்டார், கிடைத்த வேலையையும் தொலைத்துவிட்டார், சரியான மண்ணாந்தை என்று அக்காவிடம் கோள் சொன்னேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்தாள். "நெகடிவுமா?" என்றாள். அதுவும்தான் என்றேன்.

பூச்சரத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "உங்க மாமா ரொம்ப நல்லவரும்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. படம் போன துக்கம் என்று நினைத்தேன்.

வேலை போய்விட்டது என்று சொல்கிறேன், இவள் நல்லவர் என்கிறாள். நான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, தெருவுக்கே கேட்கும்படி முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.